முதல் நாற்பது, கடைசிப் பத்து

பெருமாட்டி ஊர்க் குப்பண்ணனுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, நான்காம் பாரம் வரை படிப்பு, ஐம்பத்து மூன்று வயது. ஊரில் அவருக்கிருந்த மதிப்புக்கு இவை எதுவும் காரணமல்ல. விக்டோரியா மகாராணி காலத்து மர்ம நாவல்களின் தமிழாக்கம் எது வாசகசாலைக்கு வந்தாலும் முதலில் படித்து முடிப்பவர் அவர்தான். பரிந்துரை நோட்டில் அவர் ஒரு வரி எழுதினால் போதும், மறுநாளே அந்த நூலுக்கு ஆறு பேர் காத்திருப்பார்கள்.

அவர் படிக்கும் முறை மனைவி பழனாத்தாளுக்கு மட்டுமே தெரியும். முதல் நாற்பது பக்கம், கடைசிப் பத்துப் பக்கம். நடுவில் இருப்பது மூடுபனியும் குதிரைவண்டியும்தானே என்பது அவர் எண்ணம்.

"முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம். மிச்சமெல்லாம் தலகாணிக்குங்களா?" என்பாள் பழனாத்தாள்.

"உனக்கென்ன தெரியும், போ."

புத்தகம் அப்போது அவர் தலைக்கடியில்தான் இருக்கும்.

1974 ஆகஸ்டில் 'கரும்பாறை மாளிகை', 'சாம்பல்நிறக் கையுறை' என்ற இரண்டு நாவல்கள் பைண்டிங் முடிந்து வந்தன. கோயமுத்தூரில் தையல் விட்ட நிலையில் வாங்கியவை. இரண்டும் ஒரே பதிப்பகம், ஒரே எழுத்து, ஒரே பக்க எண்ணிக்கை. பக்கத்தின் தலையில் நூற்பெயர் போடும் வழக்கமும் அந்தப் பதிப்பகத்துக்கு இல்லை. குப்பண்ணன் முதலாவதை எடுத்துப் போய், மூன்றாம் நாள் நோட்டில் எழுதினார்: "முடிவை எவராலும் ஊகிக்க முடியாது." இரண்டாவதை அவர் சிபாரிசு செய்யவில்லை, ஆகவே யாரும் அதைத் தொடவில்லை.

எட்டு மாதத்தில் இருபத்தேழு பேர் மாளிகையை எடுத்தார்கள். பத்தொன்பது பேர் நோட்டில் குப்பண்ணன் வரியையே சற்று மாற்றி எழுதினார்கள். கடைசியாக எடுத்தவர் பால்வாடி டீச்சர் கமலாத்தாள்.

1975 ஏப்ரல் இருபதாம் தேதி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாசகசாலை ஆண்டு விழா. வந்தவர்கள் முப்பத்தொருவர். புத்தகத் தேர்வுக் குழுவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. பதினோரு வருடமாகக் குப்பண்ணன் ஆசைப்பட்ட இடம் அது. மாளிகையைப் பற்றி அவர் பேச வேண்டும், பேச்சு முடிந்ததும் கைதூக்கி வாக்கெடுப்பு.

பிரபு ஒருவர் மாளிகையில் செத்துக் கிடந்ததை அவர் கண்முன் நிறுத்தினார். அங்கிருந்து ஒரே தாவலில், சுங்கச்சாவடிக் குமாஸ்தா குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்துக்குப் போனார். கைதட்டல் அடங்கியதும் கமலாத்தாள் எழுந்தார்.

"ஏனுங்ணா, எனக்கொரு சந்தேகமுங்க. நூத்தி அறுவதாம் பக்கம் வரைக்கும் செத்தது பிரபு. அடுத்த பக்கத்துல ஒரு மாலுமி செத்துக் கெடக்கறான். பிரபு பேரையே அப்பறம் காணோம். அவரக் கொன்னது யாருங்க?"

நூற்று அறுபதாம் பக்கத்தைக் குப்பண்ணன் கண்ணால் கண்டதில்லை. அந்தக் குமாஸ்தா யார் என்ற கேள்வி படித்த அன்றைக்கே அவருக்கும் எழுந்ததுதான், நடுவில் சொல்லியிருப்பார்கள் என்று விட்டிருந்தார். பதினோரு வருட ஆசை கைநழுவுவது தெரிந்தது.

"அதுதான் அம்முணி சஸ்பென்சு! படிக்கறவன்தான் கண்டுபுடிக்கோணும்."

முன்வரிசையில் இருந்த அரிசி ஆலைக்காரர் சென்னியப்பன் நிமிர்ந்தார். அவரும் அந்த இருபத்தேழில் ஒருவர். "இதெல்லாம் ரெண்டு தடவ படிச்சாத்தான் டீச்சர் புரியும். எனக்கு மொதத் தடவையே புரிஞ்சுபோச்சு."

"அப்ப நீங்களே சொல்லுங்க. யாரு கொன்னது?"

"நான் சொல்லிட்டா, படிக்காதவங்களுக்குச் சுவாரசியம் போயிருமில்ல?"

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. படித்ததாக எழுதியவர்கள்தாம் பலமாகத் தட்டினார்கள். குப்பண்ணனுக்கு இருபத்துநான்கு கைகள் உயர்ந்தன. கமலாத்தாளின் கை மடியிலேயே இருந்தது.

மறுநாள் நூலகர் பொங்கியண்ணன் இரு நூல்களையும் கமலாத்தாள் முன் விரித்துவைத்துப் பார்த்தார். பின்பாதிகள் இடம் மாறியிருந்தன. மாளிகையின் உடம்பில் கையுறையின் கால். இரண்டும் சித்தூர் பைண்டர் மொய்துவிடம் திரும்பிப் போயின.

"தப்பு என்னோடதுதாங்க," என்றார் மொய்து. "ஆனா இருபத்தாறு பேரு படிச்சும் ஒருத்தருக்குக் கூடவா தெரியல? படிச்சாங்களா, எட போட்டாங்களா?"

ஜூனில் மாளிகை சரியான காலுடன் வந்தது. முதலில் எடுத்தவர் தேர்வுக் குழு உறுப்பினர் குப்பண்ணன். நாற்பது பக்கம், பிறகு பத்துப் பக்கம். கொன்றவன் பிரபுவின் தம்பி, முப்பதாம் பக்கத்திலேயே சந்தேகம் வரக்கூடிய ஆள்தான். நோட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். தவறை ஒத்துக்கொள்ள ஒரு வரி போதும், அதற்கு இடமும் இருந்தது.

"பழைய பைண்டிங்கில் இருந்த விறுவிறுப்பு இதில் இல்லை" என்று எழுதி, பதவியுடன் கையெழுத்திட்டார்.

ஒரே வாரத்தில் ஒன்பது பேர் அதன் கீழே ஆமோதித்து எழுதினார்கள். அவர்களில் நால்வர் நூலை எடுக்கவே இல்லை என்கிறது வழங்கல் பதிவேடு.