வெட்டிய மரத்துக்குத் தண்ணீர்

டிசம்பர் பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்குள் ஒரு மரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வேர் கிடையாது, அடியோடு அறுத்த மரம். அதை ஒரு வாளிக்குள் நிற்கவைத்து, வரவேற்பு மேசைக்காரி மார்கரெட் காலையில் கோட்டைக் கழற்றியதும் முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றாவிட்டால் ஊசி இலையெல்லாம் கம்பளத்தில் கொட்டிவிடுமாம். நானும் கிறிஸ்தவப் பெண்தான். தேனியில் எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமசுக்குச் சவுக்குக் கிளை வைப்போம். மண்ணெண்ணெய் டின்னில் மணலைக் கொட்டி நட்டுவிட்டால் அத்தோடு சரி, அதற்குத் தாகம் எடுக்குமா என்று யாரும் பார்த்ததில்லை. லீட்ஸ் நகரத்துக்கு வந்த முதல் வருடம் இதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் சிரிக்கவில்லை. அந்த டிசம்பரில்தான் அம்மா இறந்துபோனாள்.

நான் ஒரு சிறிய பதிப்பகத்தில் படம் போடுகிறேன். டிராகனும் குள்ளர்களும் வரும் பழைய மாயக்கதைகளுக்கு இங்கே பெரியவர்களே பைத்தியமாக இருக்கிறார்கள். அந்தக் கதைகளுக்குத் துணையாக நாங்கள் இன்னொரு புத்தகம் போடுவோம். கதையில் வரும் நாடு, மலை, வாள், அரசி எல்லாவற்றுக்கும் ஒரு பக்கத்தில் வண்ணப்படம். எதிர்ப்பக்கத்தில் அது எந்தப் புராணத்திலிருந்து முளைத்தது என்று விளக்கம். கதைக்கு எதற்கு வழிகாட்டி என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. எங்கள் பக்கம் கூத்துப் பார்க்கும்போது வந்து நிற்கிற ராஜா யாரென்று தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்போம். அவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவார். இங்கே பக்கத்தில் இருப்பவரிடம் யாரும் பேசுவதில்லை. அதனால் புத்தகம் தேவைப்படுகிறது.

பதிப்பாசிரியர் ஜெஃப்ரி நல்ல மனிதர். இந்தியாவிலிருந்து வந்தவளுக்குப் புராணமெல்லாம் அத்துப்படி என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். நான் கிறிஸ்தவள் என்றேன். "ஓ, எப்போது மாறினீர்கள்?" என்றார். என் தாத்தாவின் தாத்தா காலத்தில் என்றேன். "அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் நினைவிருக்குமே?" என்றார். கேலி இல்லை, மெய்யாகவே கேட்டார்.

தந்தி என் கைக்கு வந்தபோது அங்கே அடக்கம் முடிந்திருந்தது. மறுநாள் வேலைக்குப் போனேன். மார்கரெட் வருத்தம் சொல்லி, ஒரு கோப்பை தேநீர் கொடுத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய்விட்டாள். ஊராக இருந்தால் தெருவே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழ வைத்திருக்கும். அழ வைக்க ஆள் இல்லாத இடத்தில் அழுகை வராது போலிருக்கிறது. எனக்கு வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். பஸ் வந்தது, ஏறினேன். உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தது.

அந்த வாரம் ஜெஃப்ரி போடச் சொன்ன படம் இது: கதையில் உலகத்தின் நடுவே ஒரு மரம். மூன்று பெண்கள் அதற்குத் தினமும் நீர் ஊற்றுகிறார்கள். நிறுத்தினால் உலகம் பட்டுப்போகும். ஐரோப்பாவின் வடதேசத்துப் புராணத்திலும் இப்படி மூன்று பெண்கள் உண்டு என்று எதிர்ப்பக்கத்துக்கு அவர் எழுதிவைத்திருந்தார். நான் யோசிக்கவில்லை, கை தன் பாட்டுக்குப் போட்டது. முடித்துவிட்டுப் பார்த்தால், இலையும் இல்லை, வேரும் இல்லை. மூன்று கவடு உள்ள கம்பம் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் ஈரச் சேலையோடு மூன்று பெண்கள். நடுவில் இருப்பவளுக்கு அம்மாவின் முகம்.

அது எங்கள் ஊர்ப் பக்கம் வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு நடுகிற கம்பம். அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு அம்மை போட்டுக் கண் திறக்க முடியாமல் கிடந்தேன். அப்பா இரும்புக்கடைக்காரர், சபைக் கமிட்டியில் இருந்தவர். போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். அம்மாவும் முழங்காலில் நின்றாள். எழுந்தவள் நேரே பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அக்காவோடு சேர்ந்து கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டும் வந்துவிட்டாள். நான் பிழைத்தேன். யாரால் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

மறு சித்திரையில், அப்பா சரக்கெடுக்க மதுரைக்குப் போன நாளாகப் பார்த்து, பேச்சியம்மாள் அக்கா அம்மாவையும் என்னையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். அம்மன் சன்னதிக்கு முன்னால் மூன்று கவடுள்ள அத்திமரக் கம்பத்தை நட்டிருந்தார்கள். திருவிழா முடிகிறவரை பெண்கள் முல்லையாற்றில் முழுகி, ஈரத்தோடு தண்ணீர் மொண்டுவந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அதற்கு ஊற்றுவார்கள். அம்மாவுக்கு எப்படி ஊற்றுவதென்று தெரியவில்லை. சர்ச்சில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி மூன்று விரலால் தொட்டுத் தொட்டுத் தெளித்தாள்.

"அக்கா, நல்லா மேல இருந்து கவுத்து ஊத்துங்க," என்றார் பேச்சியம்மாள். "ஆத்தா காந்தலா நிக்கிறா, தெளிச்சா அடங்குமா?"

அம்மா குடத்தை அப்படியே கவிழ்த்தாள். பாதி கம்பத்தில், பாதி என் தலையில். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதோரம், "ஏத்தா, அப்பாட்ட மூச்சு விட்றாத," என்றாள்.

"கேட்டாகன்னா?"

"ஆத்துல குளிச்சோம்னு சொல்லு. பொய்யில்லையில்ல?"

அம்மா சாகிறவரை நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. என் புத்தகம் ஒவ்வொன்றும் அப்பாவுக்குப் போகும். ஆணி வாங்க வந்தவரையும் உட்காரவைத்து, எம்மக போட்ட படம் என்று காட்டுவார். இந்தப் படத்தைப் பார்த்தால் அம்மா மறைத்ததெல்லாம் வெளிப்பட்டுவிடும். மனைவியைப் புதைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் நினைத்து வைத்திருக்கும் அம்மாவை நான் கலைக்கலாமா? முகத்தை அழிக்க வெள்ளைச் சாயத்தை எடுத்தேன். அவளை இன்னொரு தரம் புதைப்பதுபோல இருந்தது. வைத்துவிட்டேன்.

ஜெஃப்ரி முகத்தைக் கவனிக்கவே இல்லை. "வேர் எங்கே? புத்தகமே வேர்களைப் பற்றியதுதானே?" என்றார். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "வெட்டிய மரத்துக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?" என்று பொறுமையாகக் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மார்கரெட் வாளியில் நின்ற மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். வாதாடத் தெம்பில்லை. கம்பத்துக்கு அடியில் முறுக்கிக்கொண்டு ஓடும் வேர்களை வரைந்து கொடுத்தேன். மிகவும் பாராட்டினார்.

புத்தகம் வெளிவந்ததும் நானே அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். எதிரில் இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று எண்ணம். அப்பா கடையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். டிராகனைப் பார்த்து, "ஏத்தா, பல்லிக்கு றெக்கை மொளைச்சிருக்கு," என்று சிரித்தார். அந்தப் பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது. நடுவில் இருந்த முகத்தின்மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கு நான் மதுரையில இருந்து வர்றேன். உங்கம்மா அசந்து தூங்குறா. கொண்டையில வேப்பிலை ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் எடுத்து வெளிய போட்டேன்."

"நீங்க கேக்கவே இல்லையாப்பா?"

"எதுக்குக் கேக்கணும்? புள்ள பொழைச்சுக் கெடக்கு." மறுபடியும் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "அது சரி, கம்பத்துக்கு ஏதுத்தா வேரு?"

"அங்கன கேட்டாகப்பா. அதான் போட்டேன்."

"கேட்டா போட்டுக் குடுத்துருவியா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

திரும்பி வந்தேன். அடுத்த டிசம்பரும் வந்தது, மரமும் வந்தது. ஒருநாள் மார்கரெட் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைக்கு நான் தண்ணீர் ஊற்றும்படி ஆனது. குடுவையை நிரப்பிக்கொண்டு போனேன். குனிந்து வாளியில் ஊற்ற வேண்டியதுதான். என் கை உயர்ந்து, உச்சியிலிருந்து அப்படியே கவிழ்த்துவிட்டது. நட்சத்திரம், பஞ்சு, காகிதத் தேவதைகள் எல்லாம் நனைந்து கம்பளத்தில் சொட்டின. சத்தம் கேட்டு ஜெஃப்ரி ஓடிவந்தார். "மரம் குடிப்பது அடியிலிருந்து," என்றார் மெதுவாக. எனக்குத் தெரியும் என்றேன். காலிக் குடுவையோடு அந்த ஈர மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அம்மா போய் ஒரு வருடம் கழித்து, அங்கேதான் அழுதேன்.