சாதாரண கம்ப்யூட்டர் கட்சிக்காரி

என் தொழிலில் ஒரு தடவை தோற்றால் போதும், அப்புறம் தொழிலே இருக்காது.

குவாண்டம் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று யோசிக்கும் கம்பெனிக்காரர்கள் எங்கள் பெங்களூர் ஆபீசுக்கு வருவார்கள். "இந்தக் கணக்கைச் சாதாரண கம்ப்யூட்டரால் போடவே முடியாது" என்று விற்பவர்கள் அளந்திருப்பார்கள். அதைச் சாதாரண கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டுவது என் வேலை. எந்த மிஷின் எப்போது நாற்காலியை இழுக்குமோ என்று பயந்துகிடக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

சில கணக்கு

எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறினால் பக்கத்து சீட்டில் சகாயமேரி அக்கா. பெங்களூரில் நர்ஸ். "எல்லாக் கணக்கிலயும் குவாண்டம் ஜெயிக்காதுக்கா, சில கணக்குலதான்" என்று தைரியமாகச் சொன்னேன். அக்கா டிபன் பாக்ஸை மூடினார்.

"அந்த சில கணக்கு உன்னுதா இருந்தா இன்னாடி பண்ணுவே?"

தப்பு விடை

ஒருமுறை குவாண்டம் மிஷின் தந்த விடைகளில் பாதிக்குமேல் தப்பு. நான் ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த மஞ்சுநாத் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான்.

"அக்கா, போன மாசம் நானும் இப்படித்தான் தப்பு தப்பா பண்ணேன். இப்ப கத்துக்கலையா?"

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது நாள்

அடுத்த கணக்கை அது சில நிமிடங்களில் சரியாகவே முடித்தது. நாங்களும் விடவில்லை. இருக்கிற கம்ப்யூட்டர்களையெல்லாம் பூட்டி ஓட்டி, ஒன்பதாம் நாள் அதே விடையை எடுத்தோம். 'முடியவே முடியாது' பொய்யாகிவிட்டது. வாடிக்கையாளர் கைகுலுக்கினார்.

"சந்தோஷம் மேடம். ஆனா அடுத்த வாட்டியும் ஒன்பது நாள் காத்திருக்கணுமா?"

கட்டுபடி

எனக்கிருந்த கடைசி ஆறுதல், அந்த மிஷினைக் குளிரவைத்துப் பராமரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்பதுதான். போன வெள்ளிக்கிழமை மேனேஜர் இரண்டு தரப்புச் செலவையும் போடச் சொன்னார். போட்டேன். எங்கள் கம்ப்யூட்டர்களின் கரண்ட் பில்தான் அதிகம். "திங்கட்கிழமை பேசலாம்" என்றார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்: "நம்மால முடியாதுன்னு இல்லக்கா. முடியும். செலவுதான் கட்டல." அக்கா ஜன்னல் வழியே, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவை கடைசி ஷிஃப்ட் முடிஞ்சு சுரங்கத்துலேருந்து கேஜ்ல மேல ஏத்தனப்பவும் இதையேதான்டி சொன்னாங்க. தங்கம் இருக்குது, எடுக்கற செலவுதான் கட்டலன்னு."

குவாண்டமோ சாதாரணமோ, எந்தக் கம்ப்யூட்டராலும் போட முடியாத கணக்கு இப்போது என்னிடம் ஒன்று இருக்கிறது: திங்கட்கிழமை முடிகிற என் சீசன் டிக்கெட்டை ஒரு மாதத்துக்குப் புதுப்பிப்பதா, மூன்று மாதத்துக்கா?