கூட்டினால் எட்டு

நாமக்கல்லில் லாரிக்கு நம்பர் வாங்கினால் கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாது. அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோழித்தீவன மில்களுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் கம்பெனியின் முதலாளி லாரிக் குடும்பத்தில் பிறந்தவர். மென்பொருளின் வெர்ஷன் எண்ணுக்கும் அதே சட்டத்தைப் போட்டார். 3.4க்கு அடுத்து நேராக 3.6.

அதில்தான் வந்தது வினை. நான் முடித்த 3.5ஐ 3.6 என்று மாற்றி அனுப்பச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர், அது தெரியாமல், 3.5க்கு அடுத்ததாகத் தான் முடித்த வேலையையும் 3.6 என்றே அனுப்பிவிட்டார். ஒரே எண், இரண்டு மென்பொருள். எந்த மில்லில் எது ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் முதலாளியிடமே போய் நின்றேன்.

"இனிமே நம்பர்ல யாரும் கை வெக்கக் கூடாதுங்க. மெஷினே போடட்டும்."

"எட்டு வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கு அது போதும். வெளியீட்டுக்காக மென்பொருளைத் தொகுக்கும் பில்டு ஓடும்போதெல்லாம் வரிசையில் அடுத்த எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். நிரல்களைச் சேமிக்கும் கிட்டில் அந்த எண்ணையே டேக்காக ஒட்டிவிடும். மில்லின் திரை மூலையிலும் அதே எண் தெரியும். எல்லாம் நான் ஒருத்தி அமைத்தது. பீற்றல் என்றால் பீற்றல்தான், இருக்கட்டும். 4.4 வெளியான அன்று முதலாளி ஆபீஸ் பக்கமே வரவில்லை.

இந்தக் கோடையில் வெண்ணந்தூர்ப் பக்கத்து மில்காரர் பதறிக்கொண்டு அழைத்தார். "ஏனுங்க, கோழியெல்லாம் தண்ணியக் குடிச்சுத் தள்ளுதுங்க. தீவனத்துல உப்பு ஏறிப்போச்சாட்ட இருக்குது."

உப்பு மிஞ்சினால் கோழிகள் செத்து விழும். அவர் பண்ணை முழுக்க அந்தத் தீவனம்தான். திரையில் என்ன எண் என்று கேட்டேன். 4.5 என்றார். அந்த எண்ணுக்குரிய நிரலை அப்படியே எடுத்து முந்தைய எண்ணோடு ஒப்பிட்டேன். உப்பைக் கணக்கிடும் வரி மாறியிருந்தது. 4.4இல் சரியாக இருந்தது. மேசையில் வைத்த காபிகூட அதற்குள் ஆறவில்லை.

"அந்தத் தீவனத்த நிறுத்திப்போடுங்க. பழைய 4.4ஐ ஏத்தி அரைங்க," என்றேன்.

"கூட்டுனா எட்டு வருதுங்களே," என்றார் மில்காரர்.

பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி என் கையிலிருந்து போனை வாங்கினார். "எட்டாவது ஒம்பதாவதுங்க. எங்க புள்ள சொல்லுது, கண்ண மூடிட்டு ஏத்துங்க."

மில்காரர் ஏற்றினார். கோழிகள் தேறிவிட்டன. எனக்குத்தான் அன்று கால் தரையில் பாவவில்லை.