மொட்டை டயரும் மூன்று சுற்றும்

மொட்டை டயர்தான் ரேஸ் டயர் என்று நம்பிய ஆள் நான். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். முடிவெட்டும் கடையில் கிடந்த ஒரு பழைய ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையில் பந்தயக் கார் ஒன்றின் படம் இருந்தது. பாதித் தலை வெட்டப்பட்ட நிலையில் அதைக் கூர்ந்து ஆராய்ந்தேன். நான்கு டயரிலும் ஒரு கோடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. வழவழவென்று பலாக்கொட்டை மாதிரி இருந்தன. உலகத்திலேயே வேகமாக ஓடுகிற காருக்கு மொட்டை டயர். என் மச்சானின் காருக்கும் மொட்டை டயர். இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

மச்சான் என் மனைவியின் அண்ணன். மலேசியாவில் கோல சிலாங்கூருக்கு வடக்கே எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பதினைந்து வருஷம் குலை வெட்டி, முதுகு போய், கடைசியில் யாரோ கழித்துக் கட்டிய பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினார். காலையில் லயத்து, அதாவது தோட்டத்து வரிசைவீட்டு, பிள்ளைகள் ஆறு பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார், மதியம் திரும்பக் கூட்டி வருவார். நடுவில் யாருக்காவது தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் அதுவும் அவர்தான். அந்தக் கார் ஓடினால் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த வருஷம் மழை தொடங்கும் முன் ஒரு பிள்ளையின் அம்மா, டயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே முகம்.

"அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லியே. மழைக்கு முன்ன மாத்திருங்க. இல்லாட்டி நாங்க எல்லாம் புள்ளைங்கள தோட்டத்து டிராக்டர்லயே அனுப்பிக்கிறோம்."

மச்சானுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஆறு பிள்ளைகள் போனால் மறுபடியும் குலை வெட்டுதான். எனக்கு மட்டும் அந்த அம்மாமீது ஒரு பரிதாபம். பாவம், படிக்காதவர், பந்தயக் காரைப் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் தோட்ட மானேஜர் விளையாட்டு நாள் அறிவிப்பு ஒட்டினார். வெள்ளைக்காரர் இல்லை, நம்ம ஆள்தான், ஆனாலும் பழக்கதோஷத்தில் அவரையும் 'தொர' என்றுதான் சொல்வோம். தொரைக்குக் கார் பந்தயப் பைத்தியம். சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பு எல்லாம் போதாதென்று தோட்டத்துக்குள்ளேயே கார்ப் பந்தயம் வைத்துவிட்டார். முதல் பரிசு, டவுன் டயர்க்கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, கொடுக்கும் நான்கு புது டயர்.

நான்கு டயர்! நான் மச்சான் வீட்டுக்கு ஓடினேன்.

"மச்சான், காரக் குடுங்க. டயர் நம்மளுக்குத்தான்."

"ஓட்டுறது யாரு?"

"நான்தான்."

"நீயா? போன வாட்டி ரிவர்ஸ் எடுத்து கோழிக்கூண்ட இடிச்சியே, அந்த நீயா?"

"அது கோழி குறுக்க வந்துச்சி மச்சான்."

"கூண்டோடயா வந்துச்சி?"

இருந்தாலும் அவர் யோசித்தார். அவருக்கும் டயர் வேண்டும். "நான் ஓட்டுனா பின்னால புள்ளைங்க ஒக்காந்திருக்கிற மாரியே இருக்கும் மாப்ளே. முப்பதுக்கு மேல காலு அமுங்காது. சரி, நீ ஓட்டு. ஆனா நான் பக்கத்துல ஒக்காருவேன்" என்றார். எனக்கு வழி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். காருக்குக் காவல் வந்தார் என்பது பிறகு புரிந்தது.

என் மனைவி மட்டும், "எங்கண்ணன் பொழப்ப வெச்சி வெளையாடாதீங்க" என்றாள். இது விளையாட்டு இல்லை, அறிவியல் என்றேன். அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். வெங்காயம் படாத பாடு பட்டது.

பந்தயப் பாதை பாடாங்கில், அதாவது எங்கள் பந்து விளையாடும் திடலில், தொடங்கும். அங்கிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே சிவப்புக் கல்ரோடு. பிறகு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்பக்கம் ஒரு வளைவு. அங்கே பாய்லர் சாம்பலும் கருகிய கட்டியும் கொட்டி நிரவியிருப்பார்கள். வளைவு முடிந்ததும் நல்ல தார் ரோடு. ஆலை வாசல், லோரிகள் எடை போடும் இடம் எல்லாம் தாண்டினால் கண்ணெதிரே மறுபடியும் பாடாங். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும். காலையிலிருந்து மதியம் வரை ஆளுக்கு மூன்று சுற்று. மூன்றின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைந்தவனுக்கு டயர்.

முந்தின நாள் சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாகப் பாதை முழுவதும் நடந்தேன். ஸ்டோரில் உரமூட்டை எண்ணுகிற கிராணி நான், எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. கல்ரோட்டுக்கு 'கவனம்' என்று எழுதினேன். சாம்பல் வளைவுக்கு 'பயம்'. தார் ரோட்டுக்கு 'முழு மிதி', அதற்கு அடியில் இரண்டு கோடு. ஒரு பாதையை ஒருமுறை எழுதிவிட்டால் அது அப்படியே இருக்கும் என்பது என் எண்ணம். உரமூட்டை அப்படித்தான் இருந்தது.

மறுநாள் ஒன்பது கார்கள் வந்தன. நான் நான்காவது ஆள். கொடி இறங்கியது.

கல்ரோட்டில் நுழைந்ததும் ஸ்டீயரிங் என்னைக் கேட்காமல் பேச ஆரம்பித்தது. தரையெல்லாம் உதிரிக்கல். சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்குமே குண்டு, அந்தக் குண்டுகளைப் பரப்பி அதன்மேல் காரை வைத்த மாதிரி. நான் இடது பக்கம் திருப்பினேன். கார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பிறகு திரும்பியது. மச்சான் ஒரு கையை டேஷ்போர்டிலும் இன்னொரு கையைக் கைப்பிரேக்கிலும் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா மச்சான் சொல்றீங்க?"

"ஒங்கிட்ட இல்ல. நீ ரோட்டப் பாரு."

முதல் சுற்று முடிவில் ஒன்பதில் ஏழாவது. எனக்குப் பின்னால் இருந்த இருவரில் ஒருவருக்கு நடுவில் பெட்ரோல் தீர்ந்திருந்தது.

"ரேஸ் டயர்னு சொன்ன?" என்றார் மச்சான்.

"இன்னும் சூடாகல மச்சான்" என்றேன். எங்கோ காதில் விழுந்த வார்த்தை. எது சூடாக வேண்டும், எதற்குச் சூடாக வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் நான் செத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

இரண்டாம் சுற்றில் அதிசயம் நடந்தது. ஒன்பது கார்களும் ஒருமுறை போய் வந்ததில் உதிரிக்கல் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. டயர் பட்ட இடமெல்லாம் செம்மண் இறுகி, பத்துமணி வெயிலில் சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிட்டது. "முன்னால போனவன் தடத்த விட்டு வெளிய போவாத. அந்தக் கோட்டுக்குள்ள இருந்தா பிடிக்கும், வெளிய கால வெச்சா வழுக்கும்" என்றார் மச்சான். அவர் சொன்ன கோட்டில் போனேன். கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. திருப்பினால் திரும்பியது, மிதித்தால் பாய்ந்தது. சாம்பல் வளைவில் மட்டும் பயத்தில் நடை வேகத்தில் போனேன். தார் ரோட்டில் முழு மிதி. கைப்பிரேக்கிலிருந்து மச்சானின் கை எடுபட்டு, தொடைமேல் வந்து உட்கார்ந்தது.

அந்தச் சுற்றில் இரண்டாவது! மொத்தக் கணக்கில் மூன்றாவது! முதலிடத்தில் இருந்த ஆலை லோரி டிரைவருக்கும் எனக்கும் பதினோரு வினாடிதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெயிலே இல்லாத இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டேன். சர்பத் கடையில் நின்று, சாலையின் பிடிமானம் பற்றி யாரும் கேட்காமலேயே விளக்கினேன். பாடாங் ஓரத்தில் குடையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் கைதட்டினார்கள். கட்டைவிரல் அம்மாகூட, "பரவால்லையே அண்ணே, கார் நல்லாத்தான் ஓடுது" என்றார். மச்சானின் முகம் மலர்ந்ததை நான் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் சுற்றில் மூன்று கார்கள் போய் முடித்தன. நான் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கடல் பக்கமிருந்து மேகம் வந்து, பத்தே நிமிஷம் பெய்துவிட்டு நின்றது. நன்றாகப் பெய்திருந்தாலாவது பந்தயத்தை நிறுத்தியிருப்பார்கள். ரோட்டை நனைக்க மட்டும் பெய்தது.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "போதும் மாப்ளே. எறங்கிருவோம். டயர் போனாப் போவட்டும். காரு இருந்தா நாளைக்கி புள்ளைங்கள ஏத்தலாம்."

நியாயமான பேச்சு. ஒரு முட்டாளுக்குக்கூடப் புரியும். எனக்குப் புரியவில்லை.

"பதினோரு வினாடி மச்சான்! ரேஸ் டயர் லா இது!"

"சரி. எண்ணெ லோரி எட போட நிக்கிற எடத்துல மட்டும் மெதுவா போ."

"தார் ரோட்டுலயா? அதுதான மச்சான் நம்ம எடம்!"

கொடி இறங்கியது. கல்ரோட்டில் மழை தூசியை அடக்கியிருந்தது. மெதுவாகப் போனேன், பெரிய தொந்தரவில்லை. சாம்பல் வளைவில் நுழைந்தேன். நோட்டில் நான் 'பயம்' என்று எழுதிய இடம். சொன்னால் நம்பமாட்டீர்கள், நனைந்த சாம்பல் டயரைக் கவ்விப் பிடித்தது. மழைக்கு அது சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பயந்த இடமே இப்படி என்றால், நம்பிய இடம் எப்படி இருக்கும்? வளைவு முடிந்தது, பளபளவென்று தார் ரோடு. இரண்டு கோடு போட்ட முழு மிதி. மிதித்தேன்.

எடை போடும் இடத்தில் வருஷக்கணக்காக லோரிகள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய தார் அது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷ மழை அதை அப்படியே மேலே கொண்டுவந்திருந்தது. தண்ணீரில் நீலமும் மஞ்சளுமாக நிறம் மிதந்ததைப் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தச் சுற்றில் நான் நினைத்த கடைசி விஷயம் அதுதான்.

ஸ்டீயரிங் காற்றில் செய்தது மாதிரி லேசாகிவிட்டது. நான் பிரேக்கை மிதித்தேன். கிளட்சையும் மிதித்தேன். வைப்பரைப் போட்டேன். ஹார்ன் அடித்தேன். யாருக்கு அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. "முனியாண்டி! மாரியாத்தா!" என்று கத்தினேன், இவர்கள் போதாதென்று தொரையையும் கூப்பிட்டேன். கார் சுற்ற ஆரம்பித்தது. ஆலைப் புகைபோக்கி போனது, செம்பனை போனது, குடை பிடித்த அம்மாக்கள் போனார்கள், மறுபடியும் புகைபோக்கி, மறுபடியும் அம்மாக்கள். இரண்டாவது தடவை அவர்கள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். நான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். உலகத்தில் எந்தப் பந்தயக்காரனும் கையாளாத முறை.

"பிரேக் இல்ல மச்சான்! பிரேக் இல்ல!"

"பிரேக் இருக்கு. ரோடுதான் இல்ல. கண்ணத் தொற."

"நின்னுருச்சா?"

"நின்னு ரொம்ப நேரமாச்சி."

திறந்தேன். வந்த திசையைப் பார்த்துக் கார் நின்றிருந்தது. பின்சக்கரத்துக்கும் லோங்காங்குக்கும், அதாவது ஆளை விழுங்குகிற அந்த ஆலைச் சாக்கடைக்கும், நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. மச்சானின் கை கைப்பிரேக்கில் இருந்தது. என் கால் இன்னும் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தது. அதை விலக்க மச்சான்தான் முட்டியில் ஒரு தட்டு தட்ட வேண்டியிருந்தது.

லோரி டிரைவர் கடைசி ஆளாகத் தன் காரை ஓட்டி வந்தார். தினமும் அங்கே நின்று எடை போடுகிற ஆள். அந்த இடம் வந்ததும் இரண்டு சக்கரத்தைப் புல்லில் இறக்கி, மாடு மேய்க்கிறவர் மாதிரி நிதானமாகப் போய், தாண்டியதும் ஏறினார். டயர் அவருக்குப் போனது.

இந்தக் கதையை நான் பல வருஷமாகப் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்த விருந்துகளில் கார் ஐந்து சுற்று சுற்றியிருக்கிறது. ஒருமுறை காற்றில்கூடப் பறந்தது. மச்சான் அப்போதெல்லாம் ரசம் குடிப்பார். யாராவது அவரைக் கேட்டால் மட்டும், "ஒண்ணர சுத்து. சைக்கிள் வேகம்" என்பார்.

நடந்தது இதுதான். காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. திங்கட்கிழமை காலை மச்சான் லயத்து முன்னால் காரை நிறுத்தி இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை. அவர் நீளக்கழியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு குலை வெட்டப் போனார். நான் என் வருஷ விடுமுறை பதினான்கு நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினேன். அந்தக் கூலியைச் சேர்த்து நான்கு டயர் மாற்ற அவருக்கு ஏழு வாரம் ஆனது. ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள்.