நல்ல நேரத்தில் நட்ட கத்திரி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் காலண்டரில் நல்ல நேரம் பார்க்க யாரையும் கேட்டதில்லை.

அக்கா சாகும் முன் கொடுத்த கத்திரி விதையை, மந்தைவெளியில் எங்கள் சமையலறை ஜன்னலோரம் முளைக்கவைத்தேன். ஆறு நாற்று வந்தது. வேறு விதை கிடையாது. ஆடிப்பெருக்கன்று நல்ல நேரம் பகல் பன்னிரண்டே காலுக்கு. சரியாக அப்போதே பின்பக்கத் தோட்டத்தில் நட உட்கார்ந்தேன்.

மாடி வீட்டு ஜமீலா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நெழல்ல வளந்த நாத்த உச்சி வெயில்ல வெக்கிற? சாயங்காலம் வெய்யேன்" என்றாள்.

"என் காலண்டர் எனக்குத் தெரியும். நீ போ" என்றேன்.

சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள், மூன்று மணிக்கு எழுந்து ஓடினேன். நாற்றுகளுக்கு மேலே, நாலு குச்சியில் ஜமீலாவின் ஈரப்புடவை கூரையாகக் கட்டியிருந்தது. ஒன்று கருகிவிட்டது. மற்ற ஐந்தும் துவண்டிருந்தாலும் உயிரோடு இருந்தன. அவள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"கோச்சுக்காதம்மா. உன் நல்ல நேரம் முடியற வரைக்கும் கைவெக்கல. அப்பறம்தான் கட்னேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் காய் அவள் வீட்டுக்குத்தான் போனது. இப்போதும் காலண்டர் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, மாடிப்படியில் நின்று ஜமீலாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.