நரி கொண்டுபோன சப்பாத்து

அந்த இத்தாலிக்காரப் பந்தாட்டக்காரர் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா? உலகமே அவர் அடித்த கோலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் மட்டும் அவருடைய சப்பாத்தைப் பற்றித் துருவுகிறீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

கறுப்புச் சப்பாத்து. வலது பெருவிரல் பக்கம் தோல் வெடித்து இரண்டு முறை தைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் தன் நாட்டுக்காக முதல் கோல் அடித்தாராம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். பதினேழு வயதில் பெரிய கிளப்புக்குப் போய், இருபது வருடம் கோலாக அடித்துத் தள்ளியவர். முழங்காலை இரண்டு தரம் வெட்டித் தைத்த பிறகு லண்டன் கிளப் ஒன்று அவரை எடுத்தது. விம்பிள்டனில் வீடு. இத்தாலியில், பலெர்மோவில் பதினொரு வருடம் நான் வீடு துடைத்துப் பழகிய இத்தாலியன் பாஷைதான் எனக்கு அங்கே சமையல் வேலை வாங்கித் தந்தது. பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது அதில் பாதிக்காலம்கூட இல்லை.

அந்தக் குளிர்காலம், ஒன்பது ஆட்டத்தில் அவருக்கு ஒரு கோலும் விழவில்லை. ஆள் முடிந்துவிட்டார் என்று பேப்பர்காரர் எழுதினார்கள். சனிக்கிழமையும் கோல் இல்லையென்றால் இனி பெஞ்சில்தான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். முக்கியமான ஆட்டங்களுக்கு மட்டும் போடும் அந்தச் சப்பாத்தை வெள்ளிக்கிழமை எடுத்துத் துடைத்து, சாப்பாட்டு மேசைக் கதிரையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். சோறு தின்கிற இடத்தில் சப்பாத்து! யாழ்ப்பாணத்தில் பிறந்த கை சும்மா இருக்குமா? கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் ட்ராம் பிடித்தேன்.

மறுநாள் காலையில் போனால், படியில் ஒன்றுமில்லை. புல்லில் ஒரு லேஸ் மட்டும், கடித்துக் குதறியபடி. இந்த ஊர் நரிகளுக்குக் கோழியைவிடச் சப்பாத்துத்தான் ருசி.

அவர் வீட்டையே கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். நான் லேஸை மேசையில் வைத்தேன். நாங்கள் இத்தாலியனில் பேசியதை என் பேச்சிலேயே சொல்கிறேன்.

"நான்தான் வெளியில வைச்சனான். நரி கொண்டு போட்டுது."

"சின்யோரா, என்ர வாழ்க்கையையே வெளியில வைச்சிட்டீங்கள்."

"சாப்பிடுற இடத்தில வாழ்க்கையை ஆர் வைக்கச் சொன்னது?"

அவர் கதவைக் காட்டினார். "போங்கோ. இனி வர வேண்டாம்."

"போறன் தம்பி. அந்தத் தோலோ இவ்வளவு கோலும் அடிச்சது? அப்ப நரியைக் கூப்பிட்டு விளையாட விடும், பாப்பம்!"

புதுச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனார். நான் போகவில்லை. கோட்டைக் கழற்றாமல் டிவிக்கு முன்னால் நின்றேன். பாத்திரமும் கழுவவில்லை, வேலைதான் போய்விட்டதே.

புதுச் சப்பாத்து வழுக்கியது. பந்து காலில் பட்டுப் பட்டு எங்கெங்கோ போனது. சனம் எழுந்து நின்று, வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று கத்தியது. அதை எனக்கும் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். நான் போனேனா? அவரும் போகவில்லை. முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது மூலையிலிருந்து ஒரு பந்து வந்தது. இரண்டு தடியன்கள் தோளில் ஏறியிருக்க, அந்தத் தைத்த முழங்காலை ஊன்றி எழும்பித் தலையால் அடித்தார். கோல்!

பிறகு அவர் செய்தது டிவிக்காரர் ஒருவருக்கும் விளங்கவில்லை. மைதானத்துக் கோட்டோரம் ஓடிப்போய், குனிந்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றி, கோட்டுக்கு வெளியே ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு, காலில் வெறும் சொக்ஸோடு நின்று கேமராவைப் பார்த்தார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார்.

நான் கோட்டைக் கழற்றிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அவர் இன்னும் இரண்டு சீசன் ஆடினார். விட்டதும் தானாகத்தான் விட்டார்.

அன்று பின்னேரம் தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸால் இறங்க, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அன்ரி, உங்கட முதலாளிக்கென்ன விசரோ? ஏன் சப்பாத்தைக் கழட்டினவர்?"

"விசரில்லை பிள்ளை," என்றேன். "கோலடிக்கப் பழக்கினது ஆரெண்டு எனக்குத் தெரியாது. சப்பாத்தைக் கழட்டி வெளியில வைக்கப் பழக்கினது நான்."