மடு மண்ணைக் கொட்டியது யார்?

போன கிழமை அக்காவின் மகள் ரெஜினா மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்வந்து, சின்னப் பை ஒன்றில் மண் தந்தாள். பாம்பு அண்டாமலிருக்க மடுக் கோயில் மண்ணை வீட்டில் வைப்பது எங்கள் மன்னார்ச் சனத்தின் வழக்கம். உங்களுக்குச் சிரிப்பு வரலாம், வரட்டும். பையை அவிழ்த்து மணந்து பார்த்தேன். மண்ணில் என்ன பெரிய வாசம் இருக்கப்போகிறது? ஆனாலும் அக்காவின் நினைவு வந்துவிட்டது.

எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்து. மடுவில் மரங்களுக்குக் கீழே கூடாரமடித்து, ஒரு கிழமை சமைத்துச் சாப்பிட்டு, செபமாலை சொல்லி, புழுதியோடு புழுதியாக டிரக்டர் பெட்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். கோயில் மண் நிரப்பிய டின்னை அம்மா எங்கள் இருவரிடமும் பொறுப்புக் கொடுத்திருந்தார். டிரக்டர்காரர் யாரையோ இறக்கிவிட வழியில் பெரியமடு என்ற ஊருக்குள் போனார். அங்கே தண்ணீர் குடிக்க இறங்கிய இடத்தில் டின் கவிழ்ந்து, மண் அவ்வளவும் வாய்க்காலுக்குள் போய்விட்டது. அக்கா பதறவில்லை. வயல் வரம்பில் நாலு கை மண்ணை அள்ளி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

"வாயைத் திறந்தியெண்டால் கொன்றுபோடுவன்" என்றாள்.

அந்த வயல் மண்ணைத்தான் அம்மா பயபக்தியோடு வீட்டைச் சுற்றித் தூவினார். கேட்ட அயலாருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தார். ஒருவரையும் பாம்பு கடிக்கவில்லை. பிறகு இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் கண்மூடும்வரை அம்மாவுக்கு விஷயம் தெரியாது.

டின்னைக் கவிழ்த்தது யார் என்பதுதான் எங்கள் ஐம்பது வருஷச் சண்டை. அக்காதான் என்று நான் சொல்வேன், நீதான் என்று அவள் சொல்வாள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான், மறைக்கவில்லை. எந்தக் கதையைத் தொடங்கினாலும் குசினிக்குள் சமைத்தபடியே அவள் குரல் கொடுப்பாள்: "பொய் சொல்லாதை. அண்டைக்கு மழையே இல்லை."

அவள் போனபோது இரங்கலுரை என் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் அல்லவா, ஊரில் யார் செத்தாலும் பேசுவது நான்தான். ஒரே பேச்சைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்குப் பேசியிருக்கிறேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். அக்காவுக்கு அப்படிப் பேச மனம் வரவில்லை. கதிரையை வேலியோரம் இழுத்துப்போட்டு மண் கதையை எழுதினேன். அக்கா கைதவறிக் கொட்டினாள் என்றுதான் அப்போதும் எழுதினேன். ரெஜினாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"சரிதான் மாமா. தான்தான் கொட்டினதெண்டு அம்மாவும் சொல்லுறவ."

"எப்ப சொன்னவ?"

"எப்பவும் அப்பிடித்தான். எங்களுக்குச் சொல்லேக்கை உங்களைச் சாட்டினதே இல்லை."

என்னோடு மட்டும் மல்லுக்கு நின்றவள், பிள்ளைகள் முன்னால் ஒருநாளும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. உண்மை என்ன என்று கேட்கிறீர்களா? வாய்க்காலில் முகம் பார்க்கக் குனிந்தது நான். டின்னில் பட்டது என் முழங்கை. அது எனக்கு அப்போதே தெரியும்.

கோயிலில் பூசை முடிய, "அஞ்சு நிமிசம், மாஸ்டர்" என்றார் பாதர். எழுதிய தாளை விரிக்காமலே கதையைச் சொன்னேன். "கொட்டினது நான்" என்றேன். சனம் சிரித்தது. ரெஜினா அழுதாள். சவப்பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். இப்பவாவது ஒத்துக்கொண்டியே என்று அவளிடமிருந்து ஒரு சொல், ஒரேயொரு சொல் வராதா என்றிருந்தது. பாதர் தொண்டையைச் செருமினார். பிறகு அவளைச் சேமக்காலைக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்தோம்.

நேற்று ரெஜினாவின் பிள்ளைகளுக்கு எங்கள் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் எங்கள் வீட்டில் நின்ற நாயின் பெயர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். பொய் என்று சொல்லக் குசினிக்குள் ஆளில்லை. பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அந்த நாய்க்கு இனி அதுதான் பெயர்.